எந்தக் கடலுக்கு எந்த முன்னுரைப்பு: சிங்கப்பூர்ச் சிறு படகினருக்கு ஓர் ஒப்பீடு

சனிக்கிழமை காலையில் படகு எடுப்பதா வேண்டாமா என்று, சிங்கப்பூரில் தூண்டில் போடுகிறவர்களும் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களும் கயாக்கில் துடுப்புப் போடுகிறவர்களும் வியாழக்கிழமையே பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்நேரத்தில் நம் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் விண்டி செயலியின் வண்ணப் படத்தை அனுப்புவார். இன்னொருவர் விண்ட்குருவின் எண் அட்டவணையை அனுப்புவார். மூன்றாமவர், சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் ‘இடியுடன் கூடிய மழை’ என்று முன்னுரைத்திருப்பதைக் காட்டி, எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாம் என்பார். மூவரும் காட்டுவது உண்மையான தகவல்தான். ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். சிங்கப்பூரின் தென் கரையருகே உள்ள கூசுத் தீவுக்குப் போகிறவருக்கு உதவும் முன்னுரைப்பு, மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவான தியோமானுக்குப் போகிறவருக்கு உதவாது. வியாழக்கிழமை நம்பத்தக்கதாக இருப்பது சனிக்கிழமை விடியற்காலையில் பயனற்றதாகிவிடும். ஆகவே, எந்தச் செயலி சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தக் கடலுக்கு, எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் எதை நம்பலாம் என்று ஒப்பிடுவதே நமக்குப் பயன்படும்.

முதலில் ஒரு குழப்பத்தைக் களைந்துவிடலாம். விண்டி, விண்ட்குரு, விண்ட்ஃபைண்டர் போன்றவை முதன்மையாகப் பிறர் கணித்ததை எடுத்துக் காட்டுபவை. அவற்றின் பின்னால் பெரும்பாலும் இருப்பவை, வளிமண்டலத்தைக் கணினியில் கணக்கிடும் இரண்டு உலகளாவிய கணிப்பு மாதிரிகள்: அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் நடத்தும் ஜிஎஃப்எஸ் ஒன்று, 1975ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னுரைப்பு மையத்தின் மாதிரி இன்னொன்று. விண்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது ஐரோப்பிய மாதிரி; விண்ட்குருவின் இலவச அட்டவணையில் முதலில் வருவது ஜிஎஃப்எஸ். எனவே, “விண்டி 8 நாட் என்கிறது, விண்ட்குரு 13 நாட் என்கிறது” என்று (நாட் என்பது கடலில் வழங்கும் வேக அலகு) இருவர் வாதிடும்போது, அவர்கள் ஒப்பிடுவது செயலிகளை அல்ல, இந்த இரண்டு மாதிரிகளையே. இரண்டு செயலிகளிலும் மாதிரியை மாற்றிப் பார்க்க வழி உண்டு. மாற்றிப் பார்த்தால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஜிஎஃப்எஸ் நாளுக்கு நான்கு முறை ஓட்டப்படுகிறது. 16 நாள் வரை கணிக்கிறது. ஐரோப்பிய மாதிரியின் நீண்ட ஓட்டங்கள் நாளுக்கு இரண்டு. அவை 15 நாள் வரை செல்லும். கிரீனிச் நேரப்படி நள்ளிரவில் தொடங்கும் ஓட்டம் நமக்குக் காலை 8 மணி ஓட்டம். அதன் முடிவுகள் கணக்கிட்டு முடிந்து செயலிகளுக்கு வந்து சேர, ஜிஎஃப்எஸ் என்றால் ஏறத்தாழ நண்பகலும், ஐரோப்பிய மாதிரி என்றால் பிற்பகலும் ஆகிவிடும். காலை 10 மணிக்குத் திரையில் தெரிவது முந்தைய இரவிலோ விடியலுக்கு முன்போ இருந்த வளிமண்டல நிலையிலிருந்து தொடங்கிய கணிப்பு. ஐந்து நாள் தள்ளிய பயணத்துக்கு இது பெரிய குறையில்லை. அன்று பிற்பகலுக்கே படகெடுக்க நினைப்பவருக்கு இது பெரிய குறை.

இவ்விரண்டில் எது மேல் என்று கேட்டால், உலக அளவிலான மதிப்பீடுகளில் ஐரோப்பிய மாதிரிக்கே பொதுவாக நல்ல பெயர். சிங்கப்பூர்க் கரையோரத்தைப் பொறுத்தவரை அந்த வேறுபாட்டுக்கு நாம் கொடுக்கும் முக்கியத்துவம் அளவுக்கு மிஞ்சியது என்பது என் எண்ணம். காரணம் கட்டத்தின் அளவு, அதாவது மாதிரி உலகை எவ்வளவு பெரிய சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது என்பது. ஐரோப்பிய மாதிரி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் இடைவெளியிலும், ஜிஎஃப்எஸ் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் இடைவெளியிலும் கணக்கிடுகின்றன. இலவசமாகப் பரவலாகக் கிடைக்கும் ஜிஎஃப்எஸ் தரவோ கால் பாகை, அதாவது சுமார் 28 கிலோமீட்டர் கட்டங்களில் வருகிறது. நம் தீவு கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27 கிலோமீட்டர். அந்தக் கட்டத்தில் சிங்கப்பூர் இரண்டு சதுரங்களுக்குள் அடங்கிவிடும். செயிண்ட் ஜான்ஸ் தீவு, செமாக்காவ், புலாவ் உபின் ஆகியவை அந்த உலகத்தில் இல்லவே இல்லை. ஒரு சதுரம் பெரும்பகுதி நிலமாகக் கருதப்பட்டால், மரமும் கட்டடமும் தடுத்துக் காற்று தளர்ந்ததாகவே மாதிரி கணக்குப் போடும். அதற்குள் விழும் கடற்பகுதிக்கும் அதே தளர்ந்த காற்றுதான். செயலியின் வரைபடத்தில் சாங்கி முனையில் ஊசியைக் குத்தினால் 6 நாட் என்றும், சில கிலோமீட்டர் கிழக்கே நகர்த்தினால் 11 நாட் என்றும் காட்டுவது இதனால்தான். கடல் அங்கே மாறவில்லை, சதுரம் மாறியிருக்கிறது. செயலியில் பார்ப்பதென்றால், ஊசியைக் கரையிலோ தீவின் மேலோ குத்தாமல், சிங்கப்பூர் நீரிணையின் திறந்த பகுதியில் குத்திப் பார்ப்பது நல்லது. உபினுக்கும் சாங்கிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நீரில் காற்று எப்படி இருக்கும் என்பதை எந்த உலகளாவிய மாதிரியிடமும் கேட்பதில் பொருளில்லை.

இதற்கு மேல், நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம் என்பதும் உண்டு. குளிர்நாட்டுக் கடல்களில் காற்றழுத்தக் கோடுகளைப் பார்த்தே காற்றின் திசையையும் வேகத்தையும் ஊகிக்கலாம். பூமியின் சுழற்சி தரும் விலக்கு விசையும் அழுத்த வேறுபாடும் ஒன்றையொன்று சமன்செய்து காற்றை ஒழுங்காக வைத்திருக்கும். இங்கே அந்த விலக்கு விசை ஏறக்குறைய இல்லை. அழுத்தமானி விழுந்தால் புயல் வரும் என்று பிரிட்டிஷ் பாய்மரக் கையேடுகளில் படித்தவர்கள், சிங்கப்பூரில் அழுத்தமானி நாள்தோறும் இரு முறை ஏறி இறங்குவதைக் கண்டு திகைப்பார்கள்: காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம், விடியற்காலை 4 மணியளவிலும் மாலை 4 மணியளவிலும் தாழ்வு, இடையில் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு. வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் இது நடக்கும். நம் காற்றை நிர்ணயிப்பவை மூன்று: பருவக்காற்று, கரைக்கும் கடலுக்கும் இடையே பகலில் எழும் கடற்காற்று, இடிமழை மேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்ந்த காற்று. முதலாவதை உலகளாவிய மாதிரிகள் நன்றாகப் பிடிக்கும். இரண்டாவதை அரைகுறையாகப் பிடிக்கும். மூன்றாவது அவற்றின் கட்டத்துக்குள் சிக்காத அளவுக்குச் சிறியது. சிறு படகைக் கவிழ்ப்பதோ அந்த மூன்றாவதுதான்.

அதன் மிகப் பெரிய வடிவம் சுமத்ரா சூறைக்காற்று. சுமத்ராவின் மேலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் வரிசைகட்டி உருவாகும் இடிமழை மேகங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் சிங்கப்பூரைக் கடக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றின்போதும் அதன் முன்பின்னான இடைப்பருவங்களிலும் இது வழக்கம். காற்றுவீச்சு, அதாவது சில நொடிகளுக்குத் திடீரென எகிறும் காற்று, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி வந்த ஒன்று, வழக்கத்துக்கு மாறாக மாலையில் வந்து, தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் என்று பதிவானது. சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிக வலுவான வீச்சு, 1984 ஏப்ரல் 25ஆம் தேதி அதே தெங்காவில் அளக்கப்பட்ட மணிக்கு 144.4 கிலோமீட்டர். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும் என்பதை நினைவில் கொண்டால், 6 நாட் காற்றில் நிம்மதியாக நங்கூரமிட்டிருந்த படகின் மேல் சில நிமிடங்களில் 30 நாட் காற்று விழுவது இருபத்தைந்து மடங்கு விசை.

கடலிலிருந்து பார்த்தால் இதன் வருகை இப்படி இருக்கும்: மேற்கு அடிவானத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தாழ்ந்த சாம்பல்நிற மேகம் ஒன்று வில்லாக வளைந்து நிற்கும், அதன் கீழ்ப்புறம் அதற்குப் பின்னால் உள்ள வானத்தைவிடக் கறுத்திருக்கும். இருந்த மெல்லிய தென்காற்று முதலில் ஓய்ந்துவிடும். தண்ணீர் எண்ணெய் பூசியதுபோல் ஆகும். பிறகு முகத்தில் குளிர்ச்சி தட்டும்; அந்தக் குளிர்ச்சியை உணர்ந்த பின் பாய் இறக்க நினைப்பவருக்கு நேரம் போதாது.

இதற்கு விண்டியில் முந்தைய நாள் என்ன தெரிந்திருக்கும்? அநேகமாக ‘தெற்கு, 7 நாட்’. வீச்சுக்கான தனி வரியைத் திறந்து பார்த்தால் கொஞ்சம் கூடுதலான எண் தெரியலாம், அவ்வளவுதான். இந்த இடத்தில் ஐரோப்பிய மாதிரியா அமெரிக்க மாதிரியா என்று பார்ப்பதால் எந்த நன்மையும் இல்லை. இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதைப் பாதுகாப்புக்கான சான்றாகக் கொள்வதும் தவறு, ஏனெனில் இரண்டுமே ஒரே பொருளைக் காணாமல் விடுகின்றன.

இங்கே உதவுவது ரேடார். வானிலை ஆய்வகம் 70, 240, 480 கிலோமீட்டர் தொலைவு வரையிலான மழைப்பரப்புப் படங்களை வெளியிடுகிறது. படகுக்குப் புறப்படும் விடியற்காலையில் முதலில் திறக்க வேண்டியது 480 கிலோமீட்டர் படம். 70 கிலோமீட்டர் படத்தில் சூறைக்காற்று தென்படும்போது அது ஏறக்குறைய வாசலுக்கு வந்திருக்கும். சூறைக்காற்றின் வரிசை மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் நகர்வதாகக் கொண்டால் கணக்கு எளிது. அது சுமத்ராவை ஒட்டிய பெங்காலிஸ் தீவின் மேல் இருந்தால், நகர மையத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் இருக்கிறது, வழியில் அது வலுவிழக்கவும் கூடும். சிங்கப்பூருக்குத் தென்மேற்கே உள்ள கரிமுன் தீவின் மேல் இருந்தால், தென் தீவுகளுக்கு ஒரு மணி நேரமே. படகு இன்னும் கரையில் இருந்தால் அதைக் கரையிலேயே வைத்திருக்க வேண்டும். வெளியே இருந்தால் உடனே திரும்ப வேண்டும்.

ரேடாரின் குறை, அது மழையைக் காட்டும், காற்றைக் காட்டாது என்பது. மழைக்கு முன்னால் சில கிலோமீட்டர் தூரம் குளிர்க்காற்று தனியே ஓடிவரும். அதைப் பிடிக்க, துவாஸ் சவுத், ஜூரோங் தீவு, செமாக்காவ் ஆகிய இடங்களில் உள்ள வானிலை நிலையங்களின் அப்போதைய காற்று அளவீடுகளைப் பார்க்கலாம். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் அவை இலவசம். மேற்கு முனையான துவாஸில் காற்று மேற்குக்குத் திரும்பி ஒரே பாய்ச்சலாக எகிறினால், கிழக்குக் கடற்கரையில் இருப்பவருக்கு அரை மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலான அவகாசம் உண்டு. துவாஸ் அருகிலேயே படகில் இருப்பவருக்கு இது உதவாது.

வானிலை ஆய்வகத்தின் முன்னுரைப்புகளைப் பற்றி நம்மிடையே ஓர் அலட்சியம் உண்டு. “தினமும் இடிமழை என்றுதான் போடுவார்கள்” என்ற முணுமுணுப்பு அதன் அடையாளம். 24 மணி நேர முன்னுரைப்பைத் தீவு முழுவதற்குமான ஒற்றை வரியாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். இரண்டு மணி நேர முன்னுரைப்போ வட்டாரம் வட்டாரமாக வருகிறது. ரேடாரில் உள்ளதை அனுபவமுள்ள ஒருவர் படித்துச் சொல்வதற்கு அது இணை. இதன் பின்னணியில், பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட சிங்வி என்ற மாதிரியும் இருக்கிறது. அதன் கட்டம் 1.5 கிலோமீட்டர், இடிமேகத்தை அது நேரடியாகவே உருவாக்கிப் பார்க்கிறது. அதுவும் இடத்தையும் நேரத்தையும் தவறவிடலாம். ஆனால் சூறைக்காற்று என்ற ஒன்று நாளை உண்டு என்று சொல்லும் திறன் அதற்கு இருக்கிறது. 28 கிலோமீட்டர் கட்டத்துக்கு அது இல்லை. படிக்கும்போது அலகை மட்டும் கவனியுங்கள்: பொதுமக்களுக்கான முன்னுரைப்பில் காற்று மணிக்கு கிலோமீட்டரில் வருகிறது, செயலிகளிலும் திறந்த தரவிலும் நாட் அலகில் வருகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். முன்னுரைப்பின் ‘20’ உண்மையில் 11 நாட் மட்டுமே; செயலியின் ‘20’ 37 கிலோமீட்டர்.

நீரிணையை விட்டுக் கிழக்கே போனால் இந்த ஒப்பீடு தலைகீழாகிவிடும். பெத்ரா பிராங்காவின் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் தென்சீனக் கடல் திறந்துகொள்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட திறந்த நீரில் அலையை வளர்த்துக்கொண்டு வருகிறது. சைபீரிய உயரழுத்தத்திலிருந்து குளிர்க்காற்று சீனக் கரையைத் தாண்டிப் பாயும்போது பருவக்காற்று சில நாள்களுக்கு வலுத்து, தென்சீனக் கடலில் 25, 30 நாட் வரை ஏறும். இந்தப் பாய்ச்சல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள நிகழ்வு. அதனால் உலகளாவிய மாதிரிகள் நான்கைந்து நாள் முன்பே இதைத் தெளிவாகக் காட்டும். தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிக் கணக்கிட்ட, ஐரோப்பிய மாதிரியின் 51 கணிப்புகள் கொண்ட தொகுப்பைப் பார்த்தால், எவ்வளவு உறுதி என்பதும் தெரியும். இங்கே ரேடார் துணைக்கு மட்டுமே. வெயில் அடிக்கும் வானத்தின் கீழும் மூன்று மீட்டர் அலை வரும். மழையில்லாத ரேடார் படத்தைப் பார்த்துத் தியோமானுக்குப் புறப்படுவது ஆபத்தான தவறு.

தியோமான், தெசாரு, பிந்தானின் வடகரை ஆகியவற்றுக்கு, செயலிக்கு இணையாக மலேசிய வானிலைத் துறையின் கடல் எச்சரிக்கைகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். அவை தியோமான், புங்குரான், சாமுய் என்று கடற்பகுதிவாரியாக வருகின்றன. மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றும் 3.5 மீட்டர் வரை அலையும் முதல் நிலை. 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றும் 4.5 மீட்டருக்கு மேற்பட்ட அலையும் மூன்றாம் நிலை. முதல் நிலை எச்சரிக்கையே சிறு படகுகளுக்கானது என்பதால், நம்மைப் போன்றோர் இரண்டாம் நிலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தோனேசியக் கரைக்கு அந்நாட்டு வானிலை அமைப்பான பிஎம்கேஜியின் அலை முன்னுரைப்பு இருக்கிறது. அரசு எச்சரிக்கைக்கும் செயலிக்கும் முரண்பாடு வந்தால், கடுமையாகச் சொல்வதையே எடுத்துக்கொள்வது என் வழக்கம். நிலநடுக்கோட்டருகே புயல் வராது என்ற பழைய உறுதியையும் நம்ப வேண்டாம்: வாமெய் என்ற சூறாவளி ஏறத்தாழ 1.5 பாகை வடக்கில் உருவாகி, 2001 டிசம்பர் 27ஆம் தேதி, சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஜொகூரில் கரையேறியது.

அலை முன்னுரைப்பில் உயரத்தை மட்டும் பார்க்காமல், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நொடிகளையும் பார்க்க வேண்டும். ஒன்பது நொடிக்கொரு முறை வரும் ஒன்றரை மீட்டர் அலையில் படகு ஏறி இறங்கும். நாலரை நொடிக்கொரு முறை வரும் அதே உயர அலை படகை அடிக்கும்.

நீரோட்டம் தனி விஷயம். காற்றுச் செயலிகளில் பலரும் தேடாமல் விடுவது. தென் தீவுகளுக்கிடையே ஓதநீரோட்டம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தால் எழும் நீரோட்டம், 3 நாட் வேகத்தைத் தாண்டும் நேரங்கள் உண்டு. 12 நாட் காற்று நீரோட்டத்தோடு சேர்ந்து போனால் கடல் அமைதி. எதிர்த்து வந்தால் குத்துக்குத்தாக எழும் அலை. கப்பல்கள் கிளப்பும் அலையும் அதன்மேல் சேரும். ஆகவே, கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையை எந்தச் செயலியும் ஈடுசெய்யாது. கயாக் ஓட்டுகிறவருக்கு, காற்று முன்னுரைப்பைவிட இதுவே முதன்மை என்பேன்.

கட்டணச் சேவைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புக்கெட்டுக்கோ நத்துனாவுக்கோ பல நாள் பயணம் போகிறவருக்கு, பல மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வழி வகுத்துத் தருவதில் பணத்துக்கு மதிப்பு உண்டு. ஒரு நாள் பயணத்துக்கு அது வீண்செலவு. ஐரோப்பிய மையம் 2025இல் செயல்பாட்டுக்குக் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவு மாதிரியும் செயலிகளில் வரத் தொடங்கியுள்ளது. பருவக்காற்றின் போக்கைச் சொல்வதில் அது திறமைசாலி. ஆனால் அது பெரும்பாலும் பழைய வளிமண்டலத் தரவுகளைக் கால் பாகைக் கட்டத்தில் கற்றுத் தேர்ந்தது. சூறைக்காற்று அந்தப் பாடத்தில் இல்லை.

இனி முடிவு எடுக்கும் நேரத்தோடு இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். படகு வாடகைக்கு விடுகிறவர்கள் ஒன்றிரண்டு நாளுக்கு முன்பே உறுதிசெய்யச் சொல்வது வழக்கம். அதற்குப் பிறகு ரத்து செய்தால் முன்பணம் போய்விடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் கிழக்கே போவதென்றால் இந்த ஏற்பாடு நமக்குச் சாதகம்: ஐரோப்பிய மாதிரியையும் மலேசிய எச்சரிக்கையையும் பார்த்து, 48 மணி நேரத்துக்கு முன்பே நம்பிக்கையோடு சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென் தீவுகளுக்குப் போவதென்றால் இது பாதகம், ஏனெனில் சூறைக்காற்று உண்டா இல்லையா என்பது தெளிவாகத் தெரிவதே ஆறேழு மணி நேரத்துக்கு முன்புதான். அந்த மாதங்களில் ரத்து செய்யும் உரிமையைக் கேட்டு வாதாடுவதைவிட, புறப்படும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கேட்டு வாங்குவது எளிது. காலை 7 மணிப் படகை 11 மணிக்குத் தள்ளிவைக்க முடிந்தால், பெரும்பாலான சூறைக்காற்றுகள் அதற்குள் கடந்துபோயிருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இந்த யோசனை செல்லாது. அப்போது பிற்பகல் இடிமழையே கடுமை என்பதால், விடியலில் ரேடார் சுத்தமாக இருந்தால் சீக்கிரம் போய், ஒரு மணிக்குள் கரை திரும்புவது நல்லது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த நேர மாற்றத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்குத் தொலைபேசியை எடுக்கும் ஆள் யார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.